தேடுவோர் கண்ணில் படுமா நம் சங்கத்துச் சரக்கு?

சென்ற தைத் திங்களில் பவானிக்கு அண்மையிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகிகளைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. சங்கத்தின் பெயரை ஈண்டு வெளியிடவில்லை. அவர்கள் அவ்வாறு கேட்டுக்கொண்டார்கள். நாம் போய்ச் சேர்ந்த வேளையில் அலுவலக முற்றத்தில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கோயமுத்தூரில் கலியாண மண்டபம் நடத்தும் அன்பர் ஒருவர், ஜமக்காளம் வாங்க வந்தவர், சற்றுக் கோபமாகவே பேசிக்கொண்டிருந்தார். முந்திய ஆண்டில் தம் மண்டபத்துக்கு ஜமக்காளங்கள் தேவைப்பட்டபோது, கைப்பேசியை எடுத்துப் பவானி ஜமக்காளம் என்று எழுதித் தேடினாராம். முதலில் வந்த கடைக்குப் பணம் கட்டினார். வந்து சேர்ந்த சரக்கோ பவானியைக் கண்டதேயில்லை. விசைத்தறியில் ஓட்டிய துணி. இரண்டாம் சலவையிலேயே சாயம் போய்விட்டது. "நூறு கிலோமீட்டர் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கிடங்கில் சரக்கு அடுக்கிக் கிடக்கிறது. நான் தேடியபோது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?" என்பது அவருடைய கேள்வி.

காரியதரிசி திகைத்துப்போனார். "எங்களுக்கும் இணையதளம் இருக்கிறதுங்க. மூன்று வருஷமாக இருக்கிறது" என்றார். அருகில் நின்ற முதிய நெசவாளர் ஒருவர் நம் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நம்ம ஊர்ப் பேரை அடிச்சா வேற ஊர்க்காரங்க கடை வருதுங்களே, அது எப்படிங்க?" என்று கேட்டார். அன்று அதற்கு நம்மால் ஒரு வரியில் விடையளிக்க இயலவில்லை. இக்கட்டுரை அப்பெரியவருக்குச் சொல்ல வேண்டிய விடையே. நம் இதழைப் படிக்கும் ஏனைய சங்கத்தாருக்கும் அது பயன்படும் என்று நம்புகிறோம்.

இது வெறும் விளம்பர விஷயம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா. கிடங்கில் சரக்கு தேங்கினால் நூல் பட்டுவாடா குறைகிறது. நூல் குறைந்தால் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி நிற்கிறது. இந்த வரிசையை நம் அங்கத்தினர்கள் வயிற்றால் அறிந்தவர்கள். சட்டம் நம் பக்கம் இல்லாமலும் இல்லை. 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பதினொரு வகைத் துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06 ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் தேடுபவர் கைப்பேசியில் நான்கு எழுத்துகளைத் தட்டும் அந்த ஒரு கணத்தில், சட்டமும் குறியீடும் தாமாக எழுந்து வந்து சாட்சி சொல்வதில்லை. போலிச் சரக்கு விற்பவர் தம் கடையை நன்கு எழுதி வைத்திருக்கிறார். அசல் சரக்கு வைத்திருக்கும் நாம் எழுதி வைக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே.

தேடுபொறி என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். கூகுள் நிறுவனம் 1998 இல் தோன்றியது. அதற்கு முன்னும் தேடுபொறிகள் இருந்தன. யாவற்றிலும் வேலை மூன்று படிகளாக நடைபெறுகிறது. முதலாவதாக, அதன் தானியங்கி நிரல் ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, அங்குள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டே போய்ப் பார்க்கிறது. இரண்டாவதாக, பார்த்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தன் பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. மூன்றாவதாக, ஒருவர் தேடும்போது அப்பேரேட்டைப் புரட்டித் தகுந்தவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நம் கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டல்லவா? நிலம் கண்ணெதிரே விளைந்து கிடந்தாலும், அடங்கலில் ஏறாவிட்டால் கணக்குக்கு அந்தப் பயிர் இல்லை. தேடுபொறியின் பேரேடும் அத்தகையதே. அதில் ஏறாத பக்கம், எவ்வளவு அழகாக அமைக்கப்பட்டிருப்பினும், உலகத்துக்கு இல்லாத பக்கமே.

ஆகவே, எந்தச் சங்கமும் முதலில் செய்ய வேண்டுவது பேரேட்டில் நாம் ஏறியிருக்கிறோமா என்று பார்ப்பதுதான். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் 'சைட்' என்னும் நான்கெழுத்துச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் தளத்தின் முகவரியை எழுதிக் கூகுளில் தேட வேண்டும். பேரேட்டில் ஏறியுள்ள நம் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். அன்று மாலையே அலுவலகக் கணினியில் இதனைச் செய்து பார்த்தோம். ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்று ஆண்டுகளாக இருந்த தளம், தேடுபொறியின் கணக்கில் ஒரு நாளும் இருந்ததில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரமே ஆயிற்று. கண்டுபிடித்தவர் அங்கத்தினர் ஒருவரின் மகள், பி.காம். தேறிவிட்டுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவர். இச்சங்கத்தின் தளம் வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளில் அமைந்தது. சிறு நிறுவனங்கள் பலவற்றின் தளங்கள் அதில் அமைந்தவையே. அதன் அமைப்புப் பகுதியில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், 'இத்தளத்தைப் பேரேட்டில் சேர்க்க வேண்டா' என்று தேடுபொறிகளுக்குச் சொன்னதாகும். தளத்தைக் கட்டும் காலத்தில், அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாதிருக்கும் பொருட்டு அக்குறியை இடுவார்கள். கட்டி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். கட்டியவர் எடுக்கவில்லை. வீட்டைக் கட்டி, கிரகப்பிரவேசமும் செய்துவிட்டு, தெருவை அடைத்து வைத்த படலை அகற்றாமல் போனதற்கு ஒப்பாகும் இது. அப்பெண் குறியை எடுத்தார். பின்னர், கூகுள் இலவசமாக அளிக்கும் 'சர்ச் கன்சோல்' என்னும் ஏற்பாட்டில் சங்கத்தின் தளத்தைப் பதிவு செய்து, பக்கங்களின் பட்டியலையும் கொடுத்து, வந்து பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். சில நாட்களில் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பேரேட்டில் ஏறின.

இதோடு வேலை முடிந்தது என்று நிர்வாகக் குழுவினர் மகிழ்ந்தார்கள். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ஜமக்காளம் என்று தேடினால் இன்னமும் ஒன்றும் வரவில்லை. சங்கத்தின் பெயரை முழுமையாக எழுதினால் மட்டுமே வந்தது. முன்பே தெரிந்தவருக்கு மட்டும் வழிகாட்டும் பலகையால் யாருக்கு என்ன பயன்?

மறுபடியும் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு குறைகள் புலப்பட்டன. இவை இந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழில் தளம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பலவற்றிலும் நாம் கண்டவை என்பதால் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். ஒன்று, சரக்குப் பட்டியல் முழுவதும் படமாக இருந்தது. பொருட்காட்சிக்கென அச்சடித்த வண்ணத் துண்டறிக்கையை அப்படியே படம் பிடித்து ஏற்றிவிட்டிருந்தார்கள். அளவு, நிறம், விலை எல்லாம் மனிதர் கண்ணுக்குத் தெரிகின்றன. தேடுபொறிக்கோ அது ஒரு படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அது எப்போதும் சரியாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது. பட்டியலை எழுத்தாகவே அடிக்க வேண்டும். படத்தின் பின்னால் மாற்று விவரம் எழுதுவதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதிலும் 'சிவப்பு, பச்சைப் பட்டைகள் கொண்ட பருத்தி ஜமக்காளம்' என்பது போல ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும். கண்பார்வையற்றவர்கள் கணினியை வாய்விட்டுப் படிக்கச் செய்யும்போதும் அந்த வரிதான் அவர்களுக்கு உதவுகிறது.

மற்றொன்று எழுத்துரு. சங்கத்தின் வரலாறு, தலைவரின் முன்னுரை ஆகிய பக்கங்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிய எழுத்துரு அது. அச்சுக்கு அதனால் கேடில்லை. ஆனால் அதன் உள்வேலை விசித்திரமானது. திரையில் 'அம்மா' என்று தெரியும். கணினியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவித்துக் காட்டுவதே அவ்வெழுத்துருவின் வேலை. தேடுபொறி முகமூடியைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் குறிகளைத்தான் பார்க்கிறது. எனவே அதன் கணக்கில் அப்பக்கங்கள் தமிழே அல்ல, எம்மொழியும் அல்ல. உலகமெங்கும் ஒரே முறையாக வழங்கும் யூனிகோடு குறியீட்டில் அடித்தால்தான் தமிழ், தமிழாகவே சேமிக்கப்படும். தமிழ்நாடு அரசு 2010 இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை வாங்கி அப்படியே ஏற்றும் வழக்கம் போகவில்லை. பழையதைப் புதியதாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றிய பின்னர் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். கொம்பும் காலும் இடம் மாறிப் போவதுண்டு.

அடுத்ததாகத் தலைப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு வரி உண்டு. தேடுவோர்க்கு முதலில் கண்ணில் படுவது அதுவே. இச்சங்கத்தின் பக்கங்கள் அனைத்துக்கும் 'ஹோம்' என்றே தலைப்பு இருந்தது. சந்தையில் நாற்பது கடைகளுக்கும் 'கடை' என்று மட்டும் பலகை மாட்டினால் எப்படி இருக்கும்? இப்பொழுது ஒரு பக்கத்துக்கு 'பவானி கைத்தறி ஜமக்காளம்: கலியாண மண்டபங்களுக்கான அளவுகள்' என்றும், மற்றொன்றுக்கு 'பவானி ஜமக்காளம்: துவைக்கும் முறை' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி விவரத்தையும் நாமே எழுதிக் கொடுக்கலாம். அதனால் வரிசை உயராது என்றாலும், படிப்பவர் உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவ்வரிகளைக் கண்டுதான். சில வேளைகளில் கூகுள் நாம் எழுதியதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே இரண்டு வரியை எடுத்துப் போடும்; அதற்காக வருந்த வேண்டியதில்லை.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஜமக்காளம் என்று நாம் எழுதுகிறோம். ஜமுக்காளம் என்று பேசுவோரும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு 'கே' போட்டும் இரண்டு 'கே' போட்டும் எழுதுகிறார்கள். வடநாட்டார் 'தரி' என்கிறார்கள். சென்னையில் வாழும் இளந்தம்பதிகள் வெறுமனே தரைவிரிப்பு என்று தேடக்கூடும். வாங்குபவர் தம் சொல்லில்தான் தேடுவாரேயன்றி, நம் இருப்புப் பதிவேட்டில் உள்ள சொல்லில் தேடமாட்டார். இதற்காக எல்லாச் சொற்களையும் ஒரே பக்கத்தில் கொட்டிக் குவிப்பது தவறு. முன்பு இத்தளத்தைக் கட்டியவர் பக்கத்தின் மறைவிடம் ஒன்றில் எண்பது சொற்களை நிரப்பி, அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கியிருந்தார். அம்மறைவிடத்துச் சொற்களை வரிசைப்படுத்தும்போது தாம் பார்ப்பதேயில்லை என்று கூகுள் 2009 இலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. சங்கம் கொடுத்த அந்தப் பணம் ஆற்றில் போட்டதுதான்.

அப்படியாயின் எதை எழுதுவது? இதற்கு நம்மிடம் நல்ல யோசனை ஒன்றும் தோன்றவில்லை. விற்பனைப் பிரிவில் தொலைபேசியை எடுக்கும் ஊழியர்தான் வழிகாட்டினார். ஒரு மாத காலம், தொலைபேசியில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். எட்டுக்குப் பன்னிரண்டு அடியில் கிடைக்குமா? சாயம் ஓடுமா? இயந்திரத்தில் துவைக்கலாமா? கைத்தறி என்று எப்படித் தெரிந்துகொள்வது? மண்டபத்தின் பெயரை நெய்து தருவீர்களா? எத்தனை நாளில் வரும்? அந்த நோட்டே இணையதளத்தின் பொருளடக்கமாயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் விடையை நெசவாளர்களையே கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதினார்கள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேற்றுமையைப் பற்றிய பக்கத்தை, முதலில் நம்மிடம் கேள்வி கேட்ட அப்பெரியவர் தறிக்குழியில் அமர்ந்தபடியே சொல்ல, கணக்கெழுதும் பெண் எழுதிக்கொண்டார். "அம்மணி, நான் சொல்றத அப்படியே போடு; நீயா ஒண்ணும் சேர்க்காதே" என்று அவர் கட்டளையிட்டதும் நம் காதில் விழுந்தது. தளத்திலுள்ள பக்கங்களில் இன்று அதிகமாகப் படிக்கப்படுவது அதுவே. பிறரிடமிருந்து எடுத்து ஒட்டிய பக்கங்களைக் கூகுள் 2011 முதல் கீழே தள்ளிவருகிறது. தறியில் உட்கார்ந்தவர் சொல்வதை வேறெவரும் எழுதியிருக்க முடியாதல்லவா?

புவிசார் குறியீட்டைப் பற்றி எழுதும் சங்கங்கள் ஒன்றை மறக்கலாகாது. 1999 ஆம் ஆண்டின் சட்டப்படி, அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை, அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்க்கே உண்டு. பதிவு செய்யாமல் இணையதளத்தில் முத்திரையை மட்டும் போட்டுக்கொள்வது சரியன்று. 2006 இல் வந்த கைத்தறி முத்திரைக்கும் அவ்வாறே முறையான பதிவு வேண்டும். பதிவு உள்ளவர்கள் அதைத் தயங்காமல் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

மஞ்சள், வாழை பயிரிடும் அங்கத்தினர்கள், இதெல்லாம் துணி விற்பவர் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்குவோர் விரலியா, குண்டா என்று கேட்கிறார்கள்; குர்குமின் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள்; பொடியாக விற்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேட்கிறார்கள். இவற்றை எழுத்தில் கொடுத்துள்ள விவசாயிகள் சங்கங்கள் மிகச் சிலவே. சோதனைச்சாலை அறிக்கை இருந்தால் அதிலுள்ள அளவையே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுதாதிருப்பதே நலம். இன்னொரு தவறும் நம் கவனத்துக்கு வந்தது. புது மஞ்சள் வரும் காலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, விற்பனை முடிந்ததும் அழித்துவிட்டு, மறு ஆண்டு வேறு முகவரியில் புதுப் பக்கம் திறக்கிறார்கள். ஓராண்டு காலம் சேர்த்த பெயர் இதனால் வீணாகிறது. பக்கத்தை அழிக்க வேண்டியதில்லை. 'இவ்வாண்டு இருப்புத் தீர்ந்தது. அடுத்த அறுவடை தை, மாசியில்' என்று எழுதிவிட்டு அதே முகவரியை ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக்கு ஊரில் இருப்பவர்கள் தேடும்போது வருவது பெரும்பாலும் வரைபடமே. அதில் நம் விற்பனை நிலையம் இடம்பெறுவதற்குக் கூகுளில் வணிகக் குறிப்பு ஒன்றை இலவசமாகத் திறந்துகொள்ளலாம். தேடும் சொல்லுக்குப் பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடையின் பெயர்பரவல் ஆகிய மூன்றையும் கொண்டு அவ்வரிசை அமைகிறது என்று அந்நிறுவனமே கூறுகிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கச் செய்வது நம் கையில் உள்ளது. இச்சங்கத்துக்குத் தளத்தில் ஒரு எண்ணும், வரைபடத்தில் ஓய்வு பெற்றுவிட்ட பழைய மேலாளரின் சொந்த எண்ணும் இருந்தன. சரக்குக் கேட்டு வந்த அழைப்புகளை அவர் இரண்டு ஆண்டுகள் பொறுமையாகச் சங்கத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாராம். வாங்கியவர்கள் தாமாக எழுதும் கருத்துகளுக்கு மரியாதையாகப் பதில் எழுத வேண்டும். சங்க ஊழியர்களைக் கொண்டே புகழ்ந்து எழுதச் செய்வது விதிக்கு விரோதம். அகப்பட்டால் அக்கருத்துகள் நீக்கப்படும்.

தளம் கைப்பேசியில் எப்படித் திறக்கிறது என்பதும் முக்கியம். கூகுள் இப்பொழுது பக்கங்களைக் கைப்பேசியில் தெரியும் வடிவத்தைக் கொண்டே மதிப்பிடுகிறது. இம்மாற்றம் 2023 இல் முற்றுப்பெற்றது. பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை வினாடிக்குள் கண்ணுக்கு வர வேண்டும் என்பது அதன் அளவுகோல். கேமராவில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் அது நடவாது.

இனி இணைப்புகள். ஒரு தளத்தை எத்தனை தளங்கள், எத்தகைய தளங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதை ஒருவகை வாக்காகக் கொண்டு எடைபோடுவதே கூகுளைத் தோற்றுவித்தவர்கள் கண்ட புதுமை. எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு இல்லை. மதிப்புள்ளவர் போடும் வாக்குக்கு மதிப்பு அதிகம். இங்கேதான் தனி வியாபாரியைவிடக் கூட்டுறவாளர்களாகிய நமக்கு இயற்கையாகவே ஓர் அனுகூலம் உண்டு. கூட்டுறவு நிறுவனங்களிடையே கூட்டுறவு வேண்டும் என்பதைச் சர்வதேசக் கூட்டுறவு நிறுவனம் 1966 இல் தன் கொள்கைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நூற்பாலைச் சங்கம், மஞ்சள் விற்பனைச் சங்கம், பண்டகசாலை, நகரக் கூட்டுறவு வங்கி என்று ஒரு வட்டாரத்தில் எத்தனை தளங்கள் இருக்கின்றன! உண்மையான கொடுக்கல் வாங்கல் உள்ள சங்கங்கள், ஒன்று மற்றொன்றைப் பற்றி நாலு வரி எழுதிச் சுட்டிக்காட்டுவதற்குப் பொதுக்குழுத் தீர்மானம்கூடத் தேவையில்லை. இச்சங்கத்தைத் தன் தளத்தில் குறிப்பிட்ட வெளிநிறுவனம் அப்போது ஒன்றுகூட இல்லை. இப்பொழுது நான்கு இருக்கின்றன. நான்கும் கேட்டதும் கொடுத்தவை.

இணைப்புகளை விலைக்கு வாங்குவது வேறு விஷயம். ஆயிரம் இணைப்பு இத்தனை ரூபாய் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய தந்திரங்களைக் கண்டறிந்து கீழே தள்ளும் முறையைக் கூகுள் 2012 இல் கொண்டுவந்தது. வாங்கியவர் பணமும் போயிற்று. இருந்த இடமும் போயிற்று.

இதைச் சொல்லும்போது, சங்கங்களுக்கு வாரந்தோறும் வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எச்சரிக்காதிருக்க இயலவில்லை. 'உங்கள் தளத்தை முதலிடத்தில் நிறுத்துகிறோம், உத்தரவாதம்' என்பார்கள். முதலிடத்துக்கு எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது என்பது கூகுளின் சொந்த அறிவிப்பு. பணம் கொடுத்து வரும் இடங்கள் விளம்பரம் என்று குறிக்கப்பட்டுத் தனியே நிற்பவை. பணம் நின்ற அன்றே அவையும் நின்றுவிடும். மற்ற வரிசையில் இடம் வாங்க முடியாது. முறையாகச் செய்த வேலையின் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அவர்களே கூறுகிறார்கள். தேர்ந்த உதவியாளரை அமர்த்துவதே தவறு என்பது நம் கருத்தன்று. என்ன வேலை, எந்தப் பக்கத்தில், எப்போது என்று எழுத்தில் தரச் சம்மதிப்பவரை மட்டும் அமர்த்துக.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நாம் விசாரிக்கும்போது வெளிப்பட்டது. இச்சங்கத்தின் தள முகவரி சங்கத்தின் பெயரில் இல்லை. கட்டிக்கொடுத்தவரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது. கடவுச்சொல்லும் அவரிடமே. அவர் நாளை புதுப்பிக்க மறந்தாலோ, மறுத்தாலோ, முகவரி காலாவதியாகி வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். விளக்கங்களும் படங்களும் இணைப்புகளும் சேர்த்துவைத்த பெயரும் அதோடு போகும். சங்கக் கட்டடத்தின் பத்திரத்தை மேஸ்திரியின் பெயரில் எழுதுவோமா? எழுதமாட்டோம். ஆனால் இதில் எழுதிவிட்டார்கள், தெரியாமல். ஆகவே எல்லாச் சங்கத்தாரும் இவ்வாரமே பார்க்க வேண்டியது இது: முகவரி யார் பெயரில் இருக்கிறது, எந்த மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் போகிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது. அவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, கடவுச்சொல் இரண்டு நிர்வாகிகளிடமேனும் இருக்கும்படி செய்தல் வேண்டும். புதிதாக முகவரி எடுக்கும் சங்கங்கள், கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 2002 முதல் வழங்கப்பட்டுவரும் 'டாட் கூப்' என்னும் ஈற்றையும் ஆலோசிக்கலாம். கூட்டுறவு என்று மெய்ப்பித்தவர்க்கே அது கிடைக்கும். விலை சற்று அதிகம்.

2024 முதல் நம் நாட்டிலும் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவின் துணையால் விடையைத் தொகுத்து மேலே காட்டிவிடுகிறது. பக்கத்துக்கு வராமலே சிலர் போய்விடுகிறார்கள் என்பது உண்மை. அந்த விடையும் எங்கோ ஒருவர் எழுதிவைத்த பக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அது நெசவாளர் எழுதிய பக்கமாக இருப்பதா, போலி விற்பவர் எழுதிய பக்கமாக இருப்பதா என்பதே இப்போதுள்ள கேள்வி. துணி வாங்கவேண்டியவர் எப்படியும் விலையையும் இருப்பையும் பார்க்க வந்துதான் தீர வேண்டும்.

இந்த ஆவணியில் மீண்டும் அச்சங்கத்துக்குப் போயிருந்தோம். பவானி ஜமக்காளம் என்று தமிழில் தேடினால் அவர்கள் பக்கம் முதல் பக்கத்தின் அடியில் வருகிறது. ஆங்கிலத்தில் தேடினால் இன்னும் இரண்டாம் பக்கத்தில்தான். சில நாள் மூன்றாம் பக்கத்துக்கும் இறங்கிவிடுகிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அப்பெண் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறார். வெளியூர் மண்டபங்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. கிடங்கு காலியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பெரிய அளவு ஜமக்காளத்துக்கு மட்டும் முன்பதிவு வாங்க வேண்டிய நிலை வந்திருப்பதாகவும், அதற்கென இரண்டு தறிகளுக்கு நூல் கொடுத்திருப்பதாகவும் காரியதரிசி தெரிவித்தார்.

தள முகவரி இன்னும் சங்கத்தின் பெயருக்கு மாறவில்லை. கட்டிக்கொடுத்தவருக்கு மூன்று பதிவுத் தபால்கள் போயிருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. காலாவதித் தேதி வருகிற சித்திரையில். அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.